மூன்றாம் கொட்டகையின் வெளிச்சம்

“மூக்கை மூடிக்கிட்டுப் பேசாத தம்பி. ஒரு வார்த்தை புரியல.”

“மூக்கைத் திறந்தா பேசவே முடியாது அண்ணி. காலைல சாப்பிட்டது மேல வந்து, எனக்குப் பதிலா அது பேசும்.”

“சரி, பேச வேண்டாம். போனை எடு. அந்த ஆப்பைத் திற. கீழ வை.”

“கீழன்னா, இந்தக் கீழயா?”

“இங்க வேற எத்தனை கீழ இருக்கு?”

டமாரம் குனிந்து தரையைப் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம். ஒரு காலத்தில் அது உமியாக இருந்திருக்கும். இப்போது எச்சமும் இறகும் சிந்திய தீவனமும் சேர்ந்து ஊறிப்போய், மிதித்தால் மெத்தைபோல அமுங்கியது. காலை எடுத்தால் விட மனமில்லாமல் ஒட்டியது. சுவரோரமாக முழங்கால் உயரத்துக்குக் கருஞ்சிவப்பாகத் தெறித்துக் காய்ந்திருந்தது என்ன என்று அவன் கேட்கவில்லை. ஜன்னலே இல்லாத அந்த நீண்ட கொட்டகையில் இப்போது ஒரு கோழிகூடக் கிடையாது. நாற்றம் மட்டும் காலி செய்யாமல் குடியிருந்தது.

டமாரம் என்ற பெயரை வைத்தது அவனுடைய அண்ணன்தான். அவனிடம் சொன்ன ரகசியம் அவனுக்கு முன்னால் தெருமுனைக்குப் போய்விடும் என்பது காரணம். அந்த அண்ணனின் மனைவி துப்பறியும் தொழிலில் இறங்கியபோது, வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்த எத்தனையோ பேரை விட்டுவிட்டு இவனைத்தான் உதவிக்குச் சேர்த்துக்கொண்டாள். இவன் பேசினால் எதிரில் இருப்பவருக்கு எரிச்சல் வரும், எரிச்சல் வந்தால் உண்மை தானாக வெளியே வரும் என்பது அவள் கணக்கு.

“நெஞ்சு உயரத்துல பிடிச்சு அளந்தா ஆகாதா அண்ணி?”

“உன் நெஞ்சு உயரத்துல எந்தக் கோழி நிக்குது? அது தலை எங்க இருக்குமோ அங்க அளக்கணும். தீவனத் தட்டு மேல வை. திரை மேல பார்த்து இருக்கட்டும்.”

அவன் இரண்டு விரலால் போனைப் பிடித்து, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல மெல்ல வைத்தான்.

“தலையை எடு. உன் நிழல் விழுது.”

“என் தலையால இந்த உலகத்துல ஒரு மாற்றம் நடக்குதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

அண்ணி சிரிக்கவில்லை. திரையைக் கண் கொட்டாமல் பார்த்தாள். போனில் காது வைக்கும் துளைக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு கண் இருக்கிறது. வெயிலில் போனால் திரை தானாகப் பளிச்சிடுவதும், இருட்டில் மங்குவதும் அந்தக் கண்ணின் வேலை. அதன் மேல் விழும் வெளிச்சம் எவ்வளவு என்பதை எண்ணாக மாற்றிக் காட்டும் ஆப்தான் இப்போது ஓடிக்கொண்டிருந்தது. எண் கொஞ்சம் ஆடி, தயங்கி, ஓர் இடத்தில் நின்றது.

“தொண்ணூறு” என்றான் டமாரம். “இது நல்லதா கெட்டதா?”

“இங்க இருபதுக்கு மேல போகக் கூடாது.”

பதில் சொன்னது அண்ணி அல்ல. வாசலில் நின்ற பெண். மூன்றாம் கொட்டகையைக் கவனித்துக்கொண்டவள். இந்தப் பண்ணையில் எல்லோருக்கும் அவள் கொட்டகைக்காரி. உள்ளே கால் வைக்கக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு. வாசற்படியின் விளிம்பில், கோடு போட்டு நிறுத்தி வைத்தவள்போல நின்றாள்.

“கோழி வளர்ந்த பிறகு மங்கலாத்தான் வைக்கணும் அக்கா. இருட்டா இருந்தா தின்னுட்டுப் படுத்துக்கும். வெளிச்சம் ஏறினா ஒண்ணை ஒண்ணு நல்லாப் பார்க்கும். ஒண்ணுக்குத் துளி ரத்தம் வந்தா போதும், மத்தது எல்லாம் அந்தச் சிவப்பைத் தேடி வந்து கொத்தும். கொத்தினதுக்கு மேல ரத்தம் ஒட்டும். அப்புறம் அதைக் கொத்தும்.” அவள் நிறுத்தினாள். “சாயங்காலம் நான் வந்து கதவைத் திறந்தப்ப பாதிக்கு மேல செத்துக் கிடந்துச்சு. மீதி, செத்ததைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு.”

டமாரத்துக்குக் காலைச் சாப்பாடு நிஜமாகவே மேலே வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனது.

வழக்கு இதுதான். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. சில நாட்களுக்கு முன் ஒரு காலையில் முதலாளியின் மருமகன் தன் போனில் அளந்து பார்த்து, இருபதில் வைத்து, பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கொட்டகைக்காரியிடம் கொடுத்தார். பிறகு அவளை ஒன்றாம் கொட்டகைக்கு, தண்ணீரில் மருந்து கலக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டார். மாலையில் கோழிகள் செத்துக் கிடந்தன. முதலாளி ஓடி வந்து தன் போனில் அளந்தார், தொண்ணூறு. சாவி அவள் கழுத்தில். குமிழைத் திருப்பியது வேறு யாராக இருக்க முடியும்? பண்ணை ஆட்கள் எல்லோரையும் இந்த வாசலில் கூட்டி நிறுத்தி, அவள் முகத்துக்கு நேராகக் கையை நீட்டி, “கொலைகாரி” என்றார் முதலாளி. போலீஸ் வரும்வரை யாரும் தொடக் கூடாது என்று குமிழின்மேல் டேப்பும் ஒட்டிவிட்டார்.

போட்டிப் பண்ணைக்காரன் எவனோ அவளை ஏவிவிட்டிருக்கிறான், அது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்காகத்தான் அண்ணியை அழைத்திருந்தார். நாளைக்குப் போலீஸில் எழுதிக் கொடுக்கப் போகிறாராம்.

“உங்களுக்குச் சொல்லிக்க ஏதாவது இருக்கா?” என்று அண்ணி கேட்டாள்.

“நான் தொடல அக்கா. எத்தனை தடவை சொல்றது? என் பொண்ணு குழாயடிக்குப் போக மாட்டேங்குது. கொலைகாரி மகள்னு பசங்க கூப்பிடுதுங்களாம். வீட்டுக்குள்ளயே குடத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு.” குரல் உடையவில்லை. உடைவதற்கு மிச்சம் இல்லாத குரல். “வேற பண்ணைக்குப் போலாம்னா, அங்கயும் இந்தப் பேரு எனக்கு முன்னாடி போய் உட்கார்ந்திருக்கு.”

டமாரம் முதல்முறையாக மூக்கிலிருந்து கையை எடுத்தான்.

*

ஆபீஸ் அறை வேறொரு உலகம். குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. மேஜைமேல் சானிடைசர் பாட்டில்கள் வரிசையாக நின்றன. வாசனைத் திரவியத்தை யாரோ சுவருக்கெல்லாம் தெளித்திருந்தார்கள். பூந்தோட்டத்தில் எதுவோ செத்துக் கிடப்பது மாதிரி இருந்தது டமாரத்துக்கு.

முதலாளி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். அவர் காலில் செருப்பு இல்லை. கொட்டகைத் தரை அப்படியே பாதத்தில் ஒட்டி, பளிங்குத் தரையில் அச்சு அச்சாகப் பதிந்திருந்தது. அவருக்கு அது தெரிந்ததாகவே தோன்றவில்லை.

“நாத்தம் அடிக்குதா தம்பி?” என்றார் டமாரத்திடம். “எனக்கு இது சந்தனம். இதுலதான் பொறந்தேன், இதுலதான் சாப்பிடறேன். எங்க மாப்பிள்ளைக்குத்தான் ஒத்துக்கல.”

மாப்பிள்ளை எழுந்து நின்றார். பண்ணையில் அவரை எல்லோரும் ‘மாப்பிள்ளை சார்’ என்றே கூப்பிட்டார்கள். சலவை மடிப்புக் கலையாத சட்டை, மூக்கருகில் தயாராக ஒரு கைக்குட்டை. வெளிச்சத்தைப் போனில் அளக்கும் வழக்கத்தைப் பண்ணைக்குக் கொண்டுவந்தது அவர்தான்.

“அளக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க மேடம். கீழ குனிஞ்சு, தட்டுமேல வச்சு, நிழல் படாம, முறைப்படிதான் அளந்தேன். இருபதுதான் காட்டுச்சு. பெத்த புள்ளை மேல சத்தியம் பண்ணுவேன்.”

“புள்ளை இருக்கா சார்?” என்றான் டமாரம்.

“இல்ல. இனிமேதான்.”

“அப்ப சத்தியத்தையும் இனிமே வச்சுக்கலாம்.”

“உங்க போனைக் கொஞ்ச நேரம் தர்றீங்களா?” என்றாள் அண்ணி. “திருப்பித் தரும்போது துடைச்சுத் தரேன்.”

மாப்பிள்ளை தயங்கினார். கொடுக்கும்போதும் தயங்கினார். அண்ணி வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி, போனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு கொட்டகையை நோக்கி நடந்தாள்.

வழியில் டமாரத்துக்கு உற்சாகம் பொங்கியது. “எனக்குப் புரிஞ்சுபோச்சு அண்ணி! இவரு போன் ஓட்டை. தொண்ணூறை இருபதுன்னு காட்டியிருக்கு. குமிழை யாருமே தொடல. காலைல வச்சதே தொண்ணூறு! வீட்டுக்குப் போய்க் குளிக்கலாம். ரெண்டு தடவை குளிக்கலாம்.”

மீண்டும் அதே உமி, அதே தட்டு. மாப்பிள்ளையின் போனை அவன் வைத்தான். தலையைத் தானாகவே விலக்கிக்கொண்டான்.

தொண்ணூறு.

“சனியன்” என்றான். “இதுவும் சரியாத்தான் காட்டுது. அப்ப அந்த அக்காதான்...” முடிக்கவில்லை. வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“உன் போனைப் பாரு” என்றாள் அண்ணி. “பேச்சு கேட்கிற துளையில என்ன இருக்கு?”

பார்த்தான். இரண்டு தடவை உள்ளே வந்துபோனதற்கே துளைகளிலெல்லாம் பழுப்புத் தூசு அப்பியிருந்தது. கொட்டகைக் காற்றில் மிதக்கும் இறகுத் தூள். இதைத்தான் இத்தனை நேரம் சுவாசித்தோம் என்ற நினைப்பு தாமதமாகத்தான் வந்தது.

“இது மாப்பிள்ளை போன். இப்ப நாம உள்ள கொண்டுவர்றதுக்கு முன்னாடி ஜன்னல் பக்கம் வச்சுப் பார்த்தேன். கடையில இருந்து வந்த மாதிரி இருந்துச்சு. ஒரு துளையிலயும் ஒரு பொட்டுத் தூசு இல்ல.”

“அப்ப அவரு உள்ளயே வரல! வெளிய நின்னு புளுகுறாரு.”

“வந்தாரு அக்கா” என்றாள் கொட்டகைக்காரி. “நான் வெளி வெயில்ல நின்னு பார்த்தேன். மூக்குல துணி கட்டிக்கிட்டு, கையில உறை மாட்டிக்கிட்டு வந்தாரு. வாசல்லயும் தட்டுப் பக்கமுமா ரெண்டு மூணு தடவை நடந்து, குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு.”

“குமிழ்ல எண் போட்டிருக்குமே?”

“எப்பவோ அழிஞ்சுபோச்சு. போன் காட்டுறதுதான் கணக்கு.”

அண்ணி தலையை ஆட்டிக்கொண்டாள். “மூக்குக்குத் துணி, கைக்கு உறை. அப்படிப்பட்டவரு போனை மட்டும் அம்மணமா இந்த நரகலுக்குள்ள கொண்டு வந்திருப்பாரா?”

*

மருந்து அறையில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. கொட்டகைக்காரி கதவைத் திறந்தாள். உள்ளே மருந்துப் பாட்டில்கள் அடுக்கி இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு பழுப்பு நிறப் பைக்குள். மெல்லிய பை, மேலே அழுத்தி மூடும் வாய். தேநீர் நிறத்தில் உள்ளே இருப்பது தெரிந்தது.

“தண்ணியில கலக்கிற மருந்து அக்கா. வெளிச்சம் பட்டா கெட்டுப்போயிடும். அதான் ஒவ்வொண்ணுக்கும் பை போட்டு அனுப்புறாங்க. பாட்டில்லயும் பையிலயும் ஒரே நம்பர் இருக்கும். காலியானா ரெண்டையும் சேர்த்து மருந்துக்காரனே வாங்கிட்டுப் போயிடுவான்.”

டமாரம் குனிந்து எட்டிப்பார்த்தான். “எல்லாரும் சட்டை போட்டிருக்காங்க. பின்னாடி ஒருத்தர் மட்டும் குளிக்கப் போற மாதிரி நிக்கிறாரு.”

பின்வரிசையில் ஒரு பாட்டில், பை இல்லாமல். மூடியின் முத்திரை உடையவில்லை. யாரும் அந்த மருந்தைப் பயன்படுத்தவில்லை. பையை மட்டும் எடுத்திருக்கிறார்கள்.

அண்ணி தன் கைப்பையிலிருந்த சீப்பை எடுத்து, பக்கத்துப் பாட்டிலின் பைமேல் வைத்து அளவு பார்த்தாள். பிறகு டமாரத்தின் போனை. கச்சிதமாகப் பொருந்தியது.

டமாரம் தன் போனை எடுத்து, அந்தக் கடுகளவு கண்ணை விரலால் மூடிப் பார்த்தான்.

“வெளிச்சத்தை உள்ள விடாம இருக்கிறதுக்குன்னே செஞ்ச பை” என்றாள் அண்ணி. “அதுக்குள்ள போனைப் போட்டு, வெளிச்சத்தை அளந்திருக்காரு. கண்ணுக்குத் திரை தெரியுது, விரலுக்குத் திரை வேலை செய்யுது. அந்தக் கடுகுக் கண்ணு மட்டும் பழுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கு.”

“இருபது வரட்டும்னு குமிழைத் திருப்பிக்கிட்டே போயிருக்காரு...”

“போன் இருபதுல நின்னுச்சு. கோழி தொண்ணூறுல நின்னுச்சு.”

கொட்டகைக்காரி ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். குளிர்காற்று அவள் முகத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. மூடத் தோன்றவில்லை.

“ஆனா பை எங்க?” என்றான் டமாரம். ஆபீஸ் குப்பைத் தொட்டி, மருந்து அறைத் தொட்டி, வாசல் தொட்டி மூன்றையும் கொட்டிப் பார்த்தார்கள். பிஸ்கட் காகிதம்தான் கிடந்தது.

அண்ணி இடுப்பில் கைவைத்து நின்று பண்ணையைச் சுற்றிலும் பார்த்தாள். “ஒரு பொருளைப் போட்டா, யாரும் குனிஞ்சு தேட மாட்டாங்கன்னு நம்பக்கூடிய இடம் இங்க எது?”

வேலிக்கு அப்பால் காக்கைகள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. டமாரத்தின் மூளைக்கு எட்டும் முன்பே வயிற்றுக்குப் புரிந்துவிட்டது.

“வேண்டாம் அண்ணி.”

“போ தம்பி.”

“அண்ணன்கிட்ட சொல்லுவேன்.”

“உங்க அண்ணன் இருந்தா அவரைத்தான் இறக்கியிருப்பேன். அவர் இல்லாததால உனக்கு வாய்ப்பு.”

செத்த கோழிகளைப் புதைக்கும் குழி அது. புதைக்கிற குழி என்று சொன்னாலும் யாரும் மண் போட்டு மூடியிருக்கவில்லை. ஒரு அடுக்கு கோழி, மேலே சுண்ணாம்புத் தூள். தூரத்திலிருந்து பார்க்கப் பனி மூடிய சமவெளிபோல வெள்ளையாக, ஒரு கணம் அழகாகக்கூட இருந்தது. கிட்டே போனதும் அந்தப் பனி நெளிந்தது. சுண்ணாம்பைப் பிளந்துகொண்டு கால்கள் நீட்டியிருந்தன. மஞ்சள் விரல்கள், எதையோ பிடிக்கப் போவதுபோல. பிளவுகளில் புழுக்கள் கஞ்சிபோலக் கொதித்தன. ஈக்களின் இரைச்சல் காதில் ஏறியது. நாற்றம் மூக்கு வழியாக வந்தது என்று சொல்ல முடியாது. கண் வழியாக, தோல் வழியாக, சட்டைப் பித்தான் ஓட்டை வழியாக வந்தது.

டமாரம் ஒரு கழியை எடுத்துக்கொண்டு விளிம்பில் இறங்கினான். இருமுறை ஓங்கரித்தான். மூன்றாவது முறை மிச்சமிருந்ததும் வந்துவிட்டது. அதன் பிறகு, விசித்திரமாக, கொஞ்சம் தெளிவாக இருந்தது. அந்த வெள்ளைப் பரப்பில் ஓரிடத்தில் மட்டும் தேநீர் நிறத்தில் எதுவோ வெயிலில் மினுங்கியது. கழியால் கொக்கி போட்டு இழுத்தான்.

பழுப்புப் பை. அடியில் நம்பர். பாட்டிலின் நம்பர்தான்.

“எங்க கிடந்துச்சு?” என்றாள் அண்ணி. “சுண்ணாம்புக்குக் கீழயா, மேலயா?”

“மேல. பொட்டுத் தூள்கூட அதுமேல இல்ல.”

“சுண்ணாம்பு போட்டது எப்ப?”

“அன்னிக்கு எல்லாத்தையும் அள்ளிக் கொட்டினதும் நாங்கதான் போட்டோம்” என்றாள் கொட்டகைக்காரி. “அப்புறம் இந்தப் பக்கம் யாருக்கும் வேலை இல்ல.”

அண்ணியின் முகம் சுருங்கியது. குழியைப் பார்த்துச் சுருங்கியது அல்ல. குழியருகில் வந்து நின்றபோது அவள் முகம் மாறவே இல்லை. “தெரியாம நடந்த தப்புன்னா பை மேஜைமேல கிடந்திருக்கும், இல்ல தொட்டியில கிடந்திருக்கும். கோழி செத்த பிறகு, எதனால செத்துச்சுன்னு தெரிஞ்ச பிறகு, இவ்வளவு தூரம் கொண்டுவந்து போட்டிருக்காங்க. தெரிஞ்சே இந்த அம்மா தலையில கட்டியிருக்காங்க.”

*

மூன்றாம் கொட்டகைக்கு எல்லோரையும் வரச் சொன்னாள். முதலாளி வெறுங்காலோடு வந்தார். மாப்பிள்ளை கைக்குட்டையோடு வந்தார். என்ன நடக்கிறது என்று பார்க்க மற்றக் கொட்டகைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வாசலில் கூடினார்கள். கழுவித் துடைத்த பைக்குள் மாப்பிள்ளையின் போனை இட்டு, வாயை அழுத்தி மூடி, தட்டுமேல் வைத்தாள் அண்ணி.

“படிங்க மாப்பிள்ளை.”

மாப்பிள்ளை குனிந்தார். கைக்குட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. “இரு... இருபது.”

பையை உருவினாள். “இப்ப?”

“தொண்ணூறு.”

“நீங்க பொய் சொல்லல. இருபதுன்னு பார்த்தீங்க, இருபதுன்னு சொன்னீங்க. குமிழை இந்த அம்மாவும் தொடல, போட்டிப் பண்ணைக்காரனும் தொடல. அன்னிக்குக் காலையில நீங்க வச்ச இடத்துலயே அது இருக்கு, இந்த நிமிஷம் வரைக்கும்.” பையைத் தூக்கிக் காட்டினாள். “இதைக் குழிக்குள்ள போட்டதுதான் பொய்.”

“குழியா?” மாப்பிள்ளை ஓரடி பின்வாங்கினார். ஓங்கரிப்பு வந்து கண்ணில் நீர் கோத்தது. “அந்தக் குழியில இருந்தா? அதையா என் போன்ல மாட்டினீங்க?” போனைச் சட்டையில் தேய்த்தார், பிறகு சட்டையைப் பார்த்து அதையும் உதறினார்.

அப்போதுதான் டமாரத்துக்குள் எதுவோ இடறியது.

“அண்ணி, ஒரு நிமிஷம்.” அவன் குரலில் வழக்கமான ஆட்டம் இல்லை. “நான் அந்தக் குழிக்குப் போனேன்ல? நீங்க துரத்தினதாலதான் போனேன். மூணு தடவை வாந்தி எடுத்தேன். இவரு என்னைவிட மோசம். கொட்டகைக்குள்ள வர்றதுக்கே போனுக்குச் சட்டை மாட்டுறவரு. இவரு தானா, தனியா, அந்தப் புழுப் பக்கம் நடந்துபோய்ப் பையைப் போட்டிருப்பாரா? வேலிக்கு முன்னாடியே விழுந்திருப்பாரு. அங்க போனவருக்கு நாத்தம் ஒரு பொருட்டே இல்ல. அவருக்கு இது...” அவன் நிறுத்திவிட்டு, பளிங்கில் அச்சுப் பதித்த அந்த வெறுங்கால்களைப் பார்த்தான். “அவருக்கு இது சந்தனம்.”

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது. ஆனாலும் அவர் வாயைத் திறந்தார்.

“நான் அன்னிக்கே மாமாகிட்ட சொல்லிட்டேன் மேடம். அவரு போன்ல தொண்ணூறு வந்ததும் எனக்குச் சந்தேகம் வந்து, ஆபீஸ்ல பையோட ஒரு தடவை, பை இல்லாம ஒரு தடவை அளந்து பார்த்தேன். தப்பு என் மேலதான்னு சொன்னேன். பையை மேஜைமேல வச்சுட்டுப் போங்க, நான் பார்த்துக்கறேன்னு...”

“வாயை மூடறீங்களா மாப்பிள்ளை” என்றார் முதலாளி. அப்போதும் மரியாதை குறையவில்லை.

அண்ணி அவரை நேராகப் பார்த்தாள். அவர் வெட்கப்படவில்லை. பாக்கெட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, உமித் தூசு மிதக்கும் அந்தக் காற்றில் நிதானமாகக் கடித்தார்.

“இதுல என்னம்மா இருக்கு? மாப்பிள்ளைக்கு அளக்கவே தெரியாதுன்னு ஊர்ல பேச்சு வந்தா, என் பொண்ணு எப்படித் தலை நிமிர்ந்து நடப்பா? மாப்பிள்ளை பேரு ஒரு தடவை கெட்டா கெட்டதுதான். இவளுக்கு அப்படி என்ன பேரு இருக்கு கெடறதுக்கு? நாலு பண்ணை தள்ளிப் போனா கழுவிக்கலாம்.” வாயோரத்துத் துணுக்கைப் புறங்கையால் துடைத்தார். “போலீசு வந்தாலும் கேஸை நான் ரொம்ப இழுத்திருக்க மாட்டேன். வெளியாளு ஒருத்தர் வாயால வந்தா நல்லா இருக்கும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன். வீட்டு வேலை முடிச்சு மிச்ச நேரத்துல துப்பு பார்க்கிறவங்க, ரொம்ப நோண்ட மாட்டாங்கன்னு சொன்னாங்க.”

“தப்பாச் சொல்லியிருக்காங்க” என்றாள் அண்ணி. “எங்க வீட்டுல அடுப்படி வேலை இவன் செய்றான்.”

“சமையல் பிரமாதமா இருக்காது” என்றான் டமாரம். “ஆனா ஆளைப் பார்த்துப் பரிமாற மாட்டோம்.”

நகைச்சுவை எங்கும் ஒட்டாமல் விழுந்தது. அவனுக்கே சிரிப்பு வரவில்லை. குழியில் நின்றபோது வயிறு புரண்டது. அது வாந்தி எடுத்ததும் தீர்ந்துவிட்டது. இப்போது புரள்வது வயிறு அல்ல, இதற்கு எடுக்க வாந்தியும் இல்லை. ஒரு மனிதர் நிம்மதியாகப் பிஸ்கட் மெல்லும் சத்தம் இவ்வளவு அருவருப்பாக இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை.

“பையைக் குடுங்கம்மா” என்று முதலாளி கையை நீட்டினார். “உங்க வேலை முடிஞ்சுது.”

அண்ணி பையைத் தன் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். “முடிஞ்சுதுன்னு நீங்க சொல்ல முடியாது.” அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

கொட்டகைக்காரி கோட்டைத் தாண்டியிருந்தாள். உள்ளே வரக் கூடாது என்ற உத்தரவை மீறி, வாசற்படியைக் கடந்து, அந்த உமியின்மேல் நடந்து வந்து முதலாளிக்கு எதிரில் நின்றாள். அவர் மெல்லுவதை நிறுத்தினார். அவள் கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றினாள். கொடுக்கவில்லை; உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். வாசலில் நின்ற அத்தனை பேரும் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், இடுப்பில் காலிக் குடத்தோடு, அவளுடைய மகளும் வந்து நின்றிருந்ததை டமாரம் அப்போதுதான் கவனித்தான்.

“வேலை வேண்டாம் முதலாளி” என்றாள் கொட்டகைக்காரி. “மாப்பிள்ளை சார் பேரைக்கூட நீங்க எடுக்க வேண்டாம். அன்னிக்கு இதே இடத்துல நின்னு, இவங்க எல்லார் முன்னாடியும் என்னை ஒரு வார்த்தை சொன்னீங்க. அதே குரல்ல, இவங்களுக்குக் கேட்கிற மாதிரி, ‘இவ செய்யல’ன்னு ஒரே ஒரு தடவை சொல்லிடுறீங்களா?”